ஆடும் பலகையை அடக்கிய படலம்

அப்போர் நடந்த காலத்தில் களத்தில் இருந்தோர்:

மருமகன். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி வழியே அறிவிப்புச் சொல்பவன்.

மாமனார். ஆயுள் முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குப் பழகவில்லை.

மாமியார். சமையலறையை ஆள்பவர், சமையலறை வழியே மற்ற அறைகளையும் ஆள்பவர்.

மகள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். போரின் பெரும்பகுதியில் வேலைக்குப் போயிருந்தாள். அது அவள் செய்த புண்ணியம்.

பலகை. தேக்கு. காய் நறுக்குவதற்கு.

வெங்காயம். நிறைய.

வாழி மருமகன்! வாழி அவன் குரல்! கரகரத்த குழாய்களின் தொண்டைக்குள்ளிருந்து கார்காலத்து இடிபோல் எழுந்து, தூங்கும் பயணியைத் துள்ளி எழச் செய்து, புறப்படாத வண்டியைப் புறப்படப் போவதாகவும் வந்து சேராத வண்டியை வந்துகொண்டிருப்பதாகவும் நாவன்மை ஒன்றாலேயே நிலைநாட்டி, அதன் பொருட்டு எழும் ஊராரின் வசவுக் கணைகளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வீற்றிருந்தபடி மார்பில் ஏற்கும் அஞ்சாநெஞ்சன் வாழி! நடைமேடை மாற்றத்தை ஒரே மூச்சில் அறிவித்து, முதியோரும் மூட்டை சுமந்தோரும் பிள்ளைகளை இடுப்பில் ஏந்தியோரும் ஆகிய மக்கட்பெருங்கடலை இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஓடச் செய்யும் ஆற்றலோன் வாழி, வாழி!

இத்தகையவன் வீட்டுக்குள் மட்டும் மெல்லப் பேசினான். அது அவன் வீடு இல்லை. மனைவியின் பெற்றோர் வீடு.

திருமணமாகி அங்கே குடிவந்தபோது அவன் கொண்டுவந்த சீர்வரிசை இரண்டே: துணிப்பெட்டியும் பலகையும். துணிப்பெட்டி கட்டிலுக்கு அடியில் போய் மறைந்தது. பலகை சமையல் மேடையில் ஏறி நின்றது. கரண்டிகளும் கிண்ணங்களும் மூடிகளும் அவன் வருகைக்கு முன்பிருந்தே அங்கு ஆண்டு அனுபவித்து வந்த குடிகள். அவற்றில் எதை எடுக்கவும் அவன் தொண்டையைச் செருமிக்கொள்வான். ஃபிரிட்ஜைத் திறக்கும் முன் சுற்றுமுற்றும் பார்ப்பான். யாரையும் கேளாமல் எடுத்து, புழங்கி, மறுபடி வைக்கக் கூடிய பொருள் அவ்வீட்டில் அவனுக்கு அந்தப் பலகை ஒன்றுதான்.

அவ்வீட்டு அரசியார் அவனைச் சுற்றி எழுப்பியிருந்த மதில் கல்லால் ஆனதன்று, சுண்ணத்தால் ஆனதன்று, மரியாதையால் ஆனது. அதில் வாயில் இல்லை, ஏணி ஏறாது, யானை முட்டினாலும் அசையாது. "மாப்பிள்ளை, நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க, உக்காருங்க." "மாப்பிள்ளை, நீங்க தட்டை அப்படியே வெச்சிருங்க." ஒருமுறை கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டு உடைத்தான். "பரவால்ல மாப்பிள்ளை, அது பழசுதான்" என்று சிரித்துக்கொண்டே பெருக்கினார் மாமியார். அதே கிழமையில் மாமனார் பாத்திர மூடி ஒன்றைத் தவறவிட்டார். அது உடையக்கூட இல்லை. அதற்கு அவர் வாங்கிய ஏச்சு தெருமுனைவரை கேட்டது. "கண்ணு எங்க இருக்கு, பொடனிலயா?" என்ற அந்தப் பேரிடியைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்ட மருமகன், தனக்கு யாரும் அப்படி ஒரு சொல் சொல்வதில்லையே என்று பெருமூச்சு விட்டான். விருந்தாளியை யாரும் திட்டுவதில்லை. விருந்தாளி என்றைக்காவது புறப்பட்டுப் போய்விடுவான் என்ற நம்பிக்கை.

ஆகவே அவன் பலகையைப் பேணினான். பேணிய பெற்றியைச் சொல்லப் புகுந்தால் நா வறளும், ஆயினும் புகுவோம். நறுக்கி முடிந்த மறுகணமே, குருதி தோய்ந்த வாளைத் துடைக்கும் வீரனேபோல், தக்காளிச் சாறு தோய்ந்த அதன் மேனியை வெதுவெதுப்பான நீரால் அலம்புவான். ஊற விடான், உலகே அழியினும் ஊற விடான். மெல்லிய துணியால் ஒற்றி, மர இழை ஓடும் திசையிலேயே துடைத்து, படுக்கப்போடாமல் சுவரோரம் நிமிர்த்தி நிறுத்திக் காற்று வாங்க வைப்பான். பூண்டு வாடை புகுந்து கோட்டை கட்டிய நாட்களில், கல்லுப்பை அள்ளித் தூவி, அரை எலுமிச்சையைக் கைக்குள் பற்றி, சுழற்றிச் சுழற்றித் தேய்த்து அவ்வாடையின் குலத்தையே கருவறுப்பான். தாகம் கொண்டு மரம் வெளிறும் காலத்தே, மருந்துக்கடையில் வாங்கிய நிறமும் மணமும் அற்ற எண்ணெயில் தேன்மெழுகை உருக்கி, இளஞ்சூடாக அதன் முகத்தில் பூசி, ஓர் இரவு முழுதும் குடிக்கவிட்டு, விடிந்தபின் மிச்சத்தைத் துணியால் வழித்தெடுப்பான். அப்போது அப்பலகை, குளித்து முழுகி வெயிலில் வந்து நின்ற குதிரைபோல் மினுங்கும்.

ஆனால் ஒன்று. அவன் பூசியதெல்லாம் மேல்முகத்துக்கு மட்டும். கீழ்முகம் மாமனாரின் நாடு.

அந்நாடு பிறந்தது ஓர் ஆப்பிளால். முன்னொரு காலைப் பொழுதில் மாமனார் தம் திருக்கரத்தால் நறுக்கிய ஆப்பிள் துண்டொன்றை வாயிலிட்டு, மென்று, மென்றதை நிறுத்தி, கண்களை மூடி, "இது ஆப்பிளா, ஆம்லெட்டா?" என்று விண்ணை நோக்கி வினவினார். பலகையில் வெங்காயம் குடிகொண்டிருந்தது. அன்றே அவர் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, "இந்தப் பக்கம் பழத்துக்கு. இதுல எவனாச்சும் வெங்காயத்தை வெச்சீங்க, நான் பொல்லாதவன்" என்று பிரகடனம் செய்தார். மேல்முகம் வெங்காயத்துக்கு, கீழ்முகம் பழத்துக்கு. ஒரே பலகையில் இரண்டு பேரரசுகள். நடுவே விரற்கடை அளவு தேக்கு மட்டும் எல்லை.

லிஃப்ட்டின் கம்பிக்கும் கதவுக்கும் கிரீஸ் பூசியே தலை நரைத்தவர் அவர். ஆயினும் மரத்தைப் பற்றி அவருக்கு வேறொரு கொள்கை இருந்தது. பழம் நறுக்கியபின் தம் பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர் ஊற்றுவார். ஈரம் சொட்டச் சொட்ட அந்த முகத்தை மேடைமீது கவிழ்த்து வைத்துவிட்டுப் பத்திரிகை படிக்கப் போய்விடுவார். ஒருநாள் மருமகன், கோட்டைக் கதவைத் தயங்கித் தட்டும் தூதுவன்போல், "மாமா, அதுக்குத் தண்ணி ஆகாது…" என்று தொடங்கினான்.

"மரம் மாப்ள இது! மரம் தண்ணிதான் குடிக்கும். எண்ணெய் ஊத்தி வளந்த மரத்தை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

மருமகன் பார்த்ததில்லை. தந்தையைத் திருத்தும் உரிமை மகனுக்கு உண்டு, மாமனாரைத் திருத்தும் உரிமை மருமகனுக்கு இல்லை. ஆகவே பலகையின் ஒரு முகம் எண்ணெயையும் மறு முகம் தண்ணீரையும் நாள்தோறும் அருந்தி, ஒன்று ஒடுங்க, ஒன்று உப்ப, இரு மன்னர்க்கும் தெரியாமல் மெல்ல மெல்ல முதுகை வளைத்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை அரசியார் கத்தியை உயர்த்தினார். மேடையில் பலகை, பலகையில் வெங்காயம். கத்தி இறங்கியது. டக்கு என்றது பலகையின் இடக்கோடி. புக்கு என்றது வலக்கோடி. மறுபடி இறங்கியது. டக்கு, புக்கு. கடற்புயலில் சிக்கிய நாவாய்போல் பலகை அலைந்தது. பாதி வெங்காயம் ஒன்று மேல்தளத்திலிருந்து குதித்து உயிர்தப்பி, அடுப்புக்கு அடியில் உருண்டு தலைமறைவாயிற்று. அரசியார் கத்தியைக் கீழே வைத்தார். வீடு முழுவதும் அமைதி பரவிற்று. குழாய்கூட சொட்டுவதை நிறுத்தியதாகச் சிலர் கூறுவர், அது மிகை, அந்தக் குழாய் என்றும் நின்றதில்லை.

"நாளைக்கு மத்தியானம் எங்க அண்ணன் வீட்டு ஆளுங்க அத்தனை பேரும் சாப்பிட வர்றாங்க" என்று ஆணை எழுந்தது. "அதுக்குள்ள இது ஆடாம நிக்கணும். ஆடுச்சு, தூக்கி வெளிய போட்டுட்டு பிளாஸ்டிக்கு ஒண்ணு வாங்கிருவேன். இதோட என்னால மல்லுக்கட்ட முடியாது."

பிறகு, சமையலறை வாசலில் நின்ற மருமகனைக் கண்டு, குரலைத் தேனில் தோய்த்து, "உங்களைச் சொல்லல மாப்பிள்ளை" என்றார்.

அந்தத் தேன் அவன் நெஞ்சில் ஈட்டியாய்ப் பாய்ந்தது. பலகை போனால் அவ்வீட்டில் அவனுக்கு மிஞ்சுவது கட்டிலுக்கு அடியில் ஒரு துணிப்பெட்டி. அதுவும் பயணத்துக்கு ஆயத்தமாக நிற்கும் பொருள்.

வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மகள் பலகையைக் கையிலெடுத்தாள். உடைந்த எலும்பை ஆராய்பவள்போல் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்தி, ஒரு கண்ணை மூடி, விளிம்போரமாய்ப் பார்த்தாள்.

"அப்பா பக்கம் ஊதியிருக்கு. உங்க பக்கம் குழிஞ்சிருக்கு. ஈரத்துணியை விரிச்சு, குழிஞ்ச பக்கத்தை அது மேல கவுத்து வெச்சு, பாரம் ஏத்துங்க. குழிஞ்ச பக்கமும் ஈரத்தை இழுத்துக்கிட்டு நேராயிரும்."

இதைக் கணவனிடம் சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் தந்தையிடமும் இதையே சொன்னாள். இருவரிடமும் சொன்னேன் என்பதை இருவரிடமும் சொல்லாமல் பேருந்து ஏறிப் போனாள். பேரழிவுகள் இப்படித்தான் தொடங்குகின்றன; யாருக்காவது பேருந்துக்கு நேரமாகிவிடுகிறது.

மருமகன் ஈரத்துணி விரித்தான். அன்பின் மிகுதியால் அதைப் பிழியவில்லை. குழிந்த பக்கத்தைக் கவிழ்த்து, அதன்மேல் அரிசி டின்னை, மலையைப் பெயர்த்து வைப்பவன்போல் மூச்சடக்கி ஏற்றிவிட்டு, பேருந்து நிலையம் போனான். துணியில் தேங்கிய வெள்ளத்தைக் குழிந்த பக்கம் குடித்தது, குடித்தது, மூச்சுவிடாமல் குடித்தது, நிமிர்ந்தது, நிமிர்ந்த இடத்தில் நில்லாமல் மறுபுறம் உப்பியது.

பத்திரிகை முடித்து வந்த மாமனார் டின்னை இறக்கிப் பார்த்தார். குழி மேலே இருந்தது. மகள் சொன்னதோ குழி கீழே. 'மாப்பிள்ளை மாத்தி வெச்சுட்டாரே' என்று அவர் உள்ளம் உருகிற்று. முகத்துக்கு நேரே சொன்னால் வருந்துவார் அல்லவா? சத்தமில்லாமல் திருப்பிப் போட்டார். துணி காய்ந்துவிட்டதோ என்று ஐயுற்று இன்னும் ஒரு செம்பு ஊற்றினார். அரிசி டின் போதாதென்று தம் கருவிப்பெட்டியையும் அதன் தலையில் ஏற்றினார். திருப்புளிகளும் ஸ்பேனர்களும் நிறைந்து, தூக்குபவன் இடுப்பைக் கேட்கும் அப்பெட்டி, மலைமேல் ஏறிய மதயானைபோல் அங்கே அமர்ந்தது.

தேநீர் இடைவேளையில் ஓடோடி வந்த மருமகன் அவ்யானையைக் கண்டான். அதை இறக்கினான், அவன் முதுகெலும்பு ஓர் எழுத்தை உச்சரித்தது. பார்த்தால் குழி மேலே! 'மாமா திருப்பிட்டாரே!' ஆனால் எப்படிக் கேட்பது? மாமனாரிடம் போய், நீங்கள் தொட்டீர்களா என்று நாக்குக் கூசாமல் கேட்பவன் மருமகனா? சத்தமில்லாமல் திருப்பிப் போட்டான். துணியை நனைத்தான். போனான்.

மாமனார் வந்தார். குழி மேலே. திருப்பினார்.

மருமகன் வந்தான். குழி மேலே. திருப்பினான்.

இருவரும் சொன்னபடியே செய்தனர்; இருவரும் ஒவ்வொரு முறையும் சரியாகவே செய்தனர்; ஆகையால் பலகை ஒருபோதும் நேராகவில்லை. உலகப் பெரும்போர்களில் எதிரிமீது வெறுப்புக் கொண்டு பொருதவர் உண்டு. நாடு வேண்டிப் பொருதவர் உண்டு. ஒருவர்க்கொருவர் மனம் நோகக்கூடாதே என்று எண்ணி இவ்வளவு கொடிய போர் செய்தவர் இவ்விருவர் மட்டுமே. கூடத்தில் எதிர்ப்பட்டபோதெல்லாம் இருவரும் புன்னகைத்தனர். "சாப்பிட்டீங்களா மாப்ள?" "ஆச்சு மாமா." அவரவர் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இடையில் ஒருமுறை அரசியார் சமையலறைக்குள் வந்து, நனைந்த துணியையும் டின்னையும் பெட்டியையும் பார்த்தார். "என்ன இது, பலகைக்குக் காய்ச்சலா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை, வெயில் சன்னலில் ஏறிய வேளை, விதி அவ்விருவரையும் ஒரே நேரத்தில் ஒரே பலகைமுன் நிறுத்திற்று. இக்கோடியை மாமனார் பற்றியிருந்தார். அக்கோடியை மருமகன் பற்றியிருந்தான். இருவர் மற்றைக் கையிலும் ஈரத்துணி. இரு மலைகளுக்கு நடுவே சிக்கிய மேகம்போல் பலகை அந்தரத்தில் தொங்கிற்று.

"திருப்பிப் போடறது நீங்கதானா மாமா?"

"நீங்க திருப்பிப் போட்டதைத்தான் நான் திருப்பிப் போட்டேன் மாப்ள."

"நீங்க திருப்பிப் போட்டதைத்தானே நான் திருப்பிப் போட்டேன்!"

"அப்ப மொதல்ல போட்டது யாரு?"

"நான்தான். குழிஞ்ச பக்கம் கீழ. அவ சொன்ன மாதிரி."

மாமனார் தம் ஈரத்துணியைக் கீழே போட்டார். "எங்கிட்டயும் அதைத்தான் சொல்லிட்டுப் போனா."

அப்போது நிகழ்ந்தது அவ்வதிசயம். மருமகனின் தொண்டைக்குள் இத்தனை காலம் மடக்கி வைத்திருந்த ஒலிபெருக்கி தானே திறந்துகொண்டது. "மாமா அவர்களின் கனிவான கவனத்திற்கு!" என்று அவன் முழங்கினான்; தட்டுகள் அதிர்ந்தன; பக்கத்து வீட்டு நாய் எழுந்து அமர்ந்தது. "நேத்துலேர்ந்து நாம ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தோக்கடிச்சுக்கிட்டு இருக்கோம்! இனிமே தண்ணி கிடையாது! பாரம் கிடையாது! யாரும் திருப்பக் கூடாது! பலகை நிமிந்து நிக்கும், ரெண்டு பக்கமும் ஒரே காத்து வாங்கும்!"

மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு குரல் இருக்கா உங்களுக்கு?" என்றார். பிறகு, "ஃபேனை நான் போடறேன்" என்றார்.

இவ்வாறு இரு பேரரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. கூடத்தின் நடுவே, மின்விசிறிக்கு நேர் கீழே, இரண்டு நாற்காலிகளுக்கு இடையில் பலகையை நிமிர்த்தி நிறுத்தி, இப்புறம் மாமனாரும் அப்புறம் மருமகனுமாகக் காவல் இருந்தனர். ஒருவர் தேநீர் குடிக்கப் போனால் மற்றவர் இரு புறமும் பார்த்துக்கொண்டார். வெங்காய முகத்தில் வீசிய காற்றே பழ முகத்திலும் வீசிற்று. ஈரம் இரு வழியும் ஒரே நிதானத்தில் வெளியேற, கோபம் தணியும் மனிதனின் புருவம்போல் பலகையின் வளைவு கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கிற்று.

பொழுது உச்சியை நெருங்கையில் மாமனார் தம் கருவிப்பெட்டியைத் திறந்து ரசமட்டத்தை வெளியே எடுத்தார். எத்தனையோ மாடிக் கட்டடங்களின் லிஃப்ட்டுகளை நேர் நிறுத்திய அக்கண்ணாடிக் குழலை, தரையில் கிடத்திய பலகைமேல் வைத்து, மூச்சைப் பிடித்துக் குனிந்தார். மருமகனும் குனிந்தான். நெற்றியோடு நெற்றி மோதிற்று, பொருட்படுத்தவில்லை. உள்ளே குமிழி இடப்புறம் நடந்தது, யோசித்தது, வலப்புறம் நடந்தது, இரு கோடுகளுக்கு நடுவே வந்து, சிங்காதனம் ஏறிய இளவரசன்போல் அமர்ந்தது.

"நிக்குது மாப்ள!"

"நிக்குது மாமா!"

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு லெவலை நான் பாத்ததில்ல!"

இவ்விடத்தில் அவர்கள் நிறுத்தியிருந்தால் இக்காவியம் இங்கே முடிந்திருக்கும். ஆனால் வெற்றி என்னும் கள்ளைக் குடித்தவர் எவர் நிறுத்தினார்? மாமனார் உப்புத்தாளை எடுத்து ஒரு மரக்கட்டையில் சுற்றி, இழை ஓடும் திசையிலேயே தேய்த்தார். கத்தியின் தழும்புகள் மறைந்தன. மேனி மழலையின் கன்னம்போல் வழுவழுத்தது. தேய்த்து முடித்தவர் ஒரு கணம் தயங்கி, தரையைப் பார்த்தபடி, "அந்த எண்ணெய் இருக்குல்ல மாப்ள… என் பக்கத்துக்கும் கொஞ்சம் குடுங்களேன்" என்றார்.

அச்சொல் கேட்டு மருமகன் உடல் சிலிர்த்தது. இப்போது எண்ணெய் பூசினால் ஓர் இரவு ஊற வேண்டும், மிச்சத்தை வழித்தெடுக்க வேண்டும், பகல் உணவுக்கு ஆள் வரும் நேரம் இதற்கு உகந்ததன்று என்பதையெல்லாம் அவன் அறிவான். அறிந்தவை அனைத்தையும் அக்கணமே மறந்தான். மெழுகை உருக்கினான். மாமனார் தம் முகத்தில் பூசினார். மருமகன் தன் முகத்தில் பூசினான். மருமகன் பக்கம் அதிகம் மினுங்குவதாக மாமனாருக்குத் தோன்றிற்று, இன்னும் ஊற்றினார். மாமனார் பக்கம் அதிகம் மினுங்குவதாக மருமகனுக்குத் தோன்றிற்று, அவனும் ஊற்றினான். "என் பக்கம் உங்க மூஞ்சியே தெரியுது பாருங்க!" "என் பக்கம் ஃபேனே தெரியுது மாமா!" பாட்டில் கவிழ்ந்தது, குலுங்கியது, கடைசித் துளியையும் தந்து வீரமரணம் எய்தியது. மிச்சத்தை வழித்தெடுக்கும் பணியை மற்றவர் செய்வார் என்று இருவருமே நம்பினர்.

பின் அப்பலகையை, பட்டத்து யானையை அழைத்து வருவதேபோல், இருபுறமும் ஏந்திச் சமையலறைக்குக் கொண்டுசென்று மேடையில் அமர்த்தினர்.

அரசியார் வந்தார். பின்னே குன்றென வெங்காயம். பலகையை ஒரு விரலால் அழுத்தினார், ஆடவில்லை. மறுகோடியை அழுத்தினார், ஆடவில்லை. அவர் புருவம் உயர்ந்தது. மருமகனின் இதயம் முரசு கொட்டிற்று. கத்தி உயர்ந்தது. இறங்கியது.

டக்.

டக் மட்டும். புக்கு இல்லை. அந்த ஒற்றை ஓசையில் எத்தனை வெற்றிச் சங்குகள்! எத்தனை கொடிகள்! மாமனார் மருமகனின் தோளைப் பற்றினார். மருமகன் மாமனாரின் தோளைப் பற்றினான். பெருமிதத்தால் இருவர் விழியும் கலங்கின, அல்லது வெங்காயத்தால்.

கத்தி இரண்டாம் முறை இறங்கியது.

பலகை ஆடவில்லை. புறப்பட்டது. எண்ணெய் வெள்ளத்தில் மிதந்த அத்தேக்குத் தேர், கத்தியின் கீழிருந்து நழுவி, அறுத்தெறிந்த வெங்காய வளையங்களை இருமருங்கும் வாரி இறைத்தபடி, மேடையின் நீளம் முழுதும் மின்னலெனப் பாய்ந்து, உப்பு ஜாடியை வீழ்த்தி, கரண்டிக் கூட்டத்தைச் சிதறடித்து, மேடையின் எல்லை கடந்து, பாத்திரம் ஊறிக்கொண்டிருந்த தொட்டிக்குள், எந்தத் தண்ணீரிலிருந்து அதைக் காக்கவென்றே மருமகன் பிறந்தானோ அந்தத் தண்ணீருக்குள், தலைகுப்புறப் பாய்ந்தது.

"கவனிக்கவும்! கவனிக்கவும்!" என்று அலறியபடி மருமகன் பாய்ந்தான். "கேபிளைப் பிடி!" என்று, பழைய பணிக்காலம் நினைவில் மூள, மாமனார் பாய்ந்தார். தரையிலும் எண்ணெய் இருந்தது. இருவரும் ஒருவர் இடுப்பை ஒருவர் கட்டிக்கொண்டு, நாட்டியம் பயிலும் கரடிகள்போல் அரைவட்டம் சுழன்று, ஃபிரிட்ஜில் மோதி நின்றனர். அதன் கதவு தானாகத் திறந்துகொண்டது. வீழ்ந்த வெங்காய வளையம் ஒன்று மருமகனின் காதில் குண்டலமாய் மாட்டித் தொங்கிற்று.

அரசியார் கத்தியை வைத்தார். தொட்டிக்குள் கைவிட்டுப் பலகையை மீட்டார். முந்தானையால் இருபுறமும் அழுந்தத் துடைத்தார். ஒரு பழந்துணியை நனைத்து, பிழிந்து, மடித்து மேடையில் விரித்து, அதன்மேல் பலகையை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். பலகை ஆடவில்லை; நகரவில்லை. பிறகு திரும்பினார்.

அந்தத் திரும்பலை எந்த உவமையாலும் உரைக்க இயலாது. இயன்றவர் அன்று அங்கே இல்லை.

"அறிவிருக்கா? ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே ஒரு அறிவாச்சும் இருக்கா? ஒரு பலகைக்கு இவ்வளவு எண்ணெயா? மனுசனுக்குத் தேச்சுக் குளிப்பாட்டினாக்கூட இவ்வளவு ஆகாது! இவருதான் காலம்பூரா இப்படி, இவரை விடு. உனக்கு எங்கய்யா போச்சு புத்தி? எருமை மாடு மாதிரி ரெண்டும் நடுவுல நின்னுக்கிட்டு! காதுல என்ன அது, கம்மலா? எடு அதை! ஆளுங்க வர்ற நேரத்துல தரையெல்லாம் சறுக்குமரம் பண்ணி வெச்சிருக்கீங்க!"

ஒவ்வொரு சொல்லும் மதிலின் ஒரு கல்லைப் பெயர்த்தது. மருமகன் காதிலிருந்து வளையத்தைக் கழற்றினான். மாமனார் அவன் காதருகே குனிந்து, "நாக்கைக் கடிச்சுக்க மாப்ள. இப்ப பதில் பேசினா ராத்திரி வரைக்கும் போகும்" என்று அனுபவ ஞானம் அருளினார்.

ஆயினும் அவனால் கேளாதிருக்க முடியவில்லை. "பலகை…அத்தை?"

"பலகை இங்கதான் இருக்கும். நீங்க ரெண்டு பேருந்தான் வெளிய! நட!"

அவ்வாறே, தோளில் வெங்காய மாலையும் பாதத்தில் எண்ணெய்ப் பூச்சும் திகழ, மரியாதை மதில் இடிந்து வீழும் ஓசையைச் செவிகுளிரக் கேட்டபடி, நாடு இழந்தவன்போல் துரத்தப்பட்டும் நாடு வென்றவன்போல் பூரித்தும், மாமனாரோடு தோள் உரச, அகலம் போதாத அந்த வாயிலில் ஒரே நேரத்தில் நுழைந்து, சிக்கி, திமிறி, முதுகில் விழுந்த கரண்டியின் செல்லத் தட்டொன்றால் உந்தப்பட்டு, வாகை சூடிய நம் தலைவன் கூடத்துக்குள் எழுந்தருளினான்.

மாமியார் சமையலறைக் கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.